வெற்றுச் சுவரும் ஓர் அச்சுப்படமும்

1924ஆம் ஆண்டின் இறுதியில், சாந்திநிகேதன் மாணவர் ஒருவர் தில்லியில் காந்தியைச் சந்தித்துக் கலை குறித்து வினவினார். தம் அறைச் சுவர்கள் வெறுமையாக இருப்பினும் குறையில்லை, விண்மீன்கள் நிறைந்த வானம் போதும் என்னும் பொருள்பட அமைந்தது காந்தியின் மறுமொழி. 'யங் இந்தியா' அவ்வுரையாடலை வெளியிட்டது. வினவியவர் ஜி. ராமச்சந்திரன். 1947இல் டாக்டர் சௌந்தரத்துடன் இணைந்து, திண்டுக்கல்லை அடுத்த சின்னாளபட்டிக்கருகே காந்திகிராமத்தைத் தோற்றுவித்தவர் அவரே.

வெற்றுச் சுவரே போதுமென்ற அம்மனிதரை எண்ணற்ற சுவர்களில் ஏற்றிய படமொன்று 1930இல் அதே சாந்திநிகேதனில் பிறந்தது. உப்புச் சத்தியாக்கிரகத்தை ஒட்டி நந்தலால் போஸ் செதுக்கிய 'பாபுஜி' என்னும் லினோகட். கரிய பின்புலத்தில், வெண்கோடுகளாகக் கோலூன்றி நடக்கிறார் காந்தி.

லினோலியம், 1860களில் இங்கிலாந்தில் பிரெடரிக் வால்ட்டன் உருவாக்கிய தரைவிரிப்பு. ஆளிவிதை எண்ணெயையும் தக்கைத்தூளையும் சணல்துணிமேல் ஏற்றிச் செய்வது. ஆங்கிலேயத் தொழிற்சாலைச் சரக்கு, ஆங்கிலேய உப்புச் சட்டத்தை எதிர்த்த படத்திற்குப் பயன்பட்டதை நாம் கவனிக்க வேண்டும். மரத்தைப்போல் இதில் இழையோட்டம் இல்லை. இளவெயிலில் வைத்தெடுத்தால் உளி எத்திசையிலும் எளிதாகச் செல்லும். செதுக்கிய இடம் வெண்மையாகும். எஞ்சிய இடம் மை ஏற்கும். வாழ்த்து அட்டைக்குப் 'பொங்கல்' என்று செதுக்குவதானால் எழுத்துகளைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பி எழுதவேண்டும். அச்சு இயந்திரம் இல்லையேல், கரண்டியின் முதுகால் தாளைத் தேய்த்தும் படியெடுக்கலாம்.

இங்ஙனம் எடுக்கும் நூறாவது படியும் நகலன்று, மூலமே. எனவேதான் 1920களில் லண்டனில் கிளாட் ஃபிளைட், லினோகட்டின் விலை ஒரு திரைப்பட நுழைவுச்சீட்டின் அளவில் இருக்கவேண்டும் என வாதிட்டார். விற்பதற்கென்று செய்வது கலைக்கு இழுக்கு என்னும் எண்ணம் நம்மிடையே இன்றும் உண்டு. ஆனால் 1966இல் சென்னைக்கருகே தோன்றிய சோழமண்டலம் கலைஞர் கிராமம், பத்திக் துணி உள்ளிட்ட கைவினைப் பொருள்களின் விற்பனையால்தான் காலூன்றியது. அவ்வருவாய், ஓவியர்களைச் சந்தைக்கேற்ப வரையும் கட்டாயத்திலிருந்து காத்தது.

சிவகாசி அச்சகங்கள் குவித்த பொங்கல் வாழ்த்து அட்டைகள் கைபேசியின் வருகைக்குப்பின் அருகிவிட்டன. கையால் அச்சிட்ட அட்டைக்கு இப்போது இடமுண்டென்றே நாம் கருதுகிறோம். அதன் விலையை, நூல் நூற்பவரின் உழைப்பை மதிக்கக் காந்திகிராமம் கற்பித்த அதே அளவுகோலால் நிர்ணயிப்பதே முறை.