சென்னையின் நவீனக் கலையும் கட்டிடக்கலையும்

சென்னையின் நவீனக் கலையும் கட்டிடக்கலையும் என்னும் இக்கட்டுரை, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடக்கம் தமிழ்நாட்டின் தலைநகரான சென்னையில் உருவான ஓவியம், சிற்பம், கட்டிடக்கலை ஆகியவற்றைப் பற்றியது. சென்னை நகரம் பொதுவாகக் கருநாடக இசைக்கும் பரதநாட்டியத்துக்குமே பெயர் பெற்றது. எனினும், தென்னிந்தியாவின் நவீன ஓவியம் தனக்கென ஒரு மொழியைக் கண்டதும் இந்நகரிலேயே ஆகும். கட்டப்பட்ட காலத்தில் இந்தியாவின் மிக உயரமான கட்டிடங்களுள் ஒன்றாக விளங்கிய எல்.ஐ.சி. கட்டிடமும் இங்கேயே உள்ளது.

இந்நகரின் ஓவியத்தையும் கட்டிடக்கலையையும் இணைத்துப் பார்க்க உதவுவது கைவினை ஆகும். கைத்தொழில் கற்பிக்கத் தொடங்கப்பட்ட ஒரு பள்ளியிலிருந்தே சென்னையின் நவீன ஓவியம் தோன்றியது. அதே பள்ளியின் பொறுப்பில் இருந்த ஒருவரே நகரின் புகழ்பெற்ற கட்டிடங்கள் பலவற்றை வடிவமைத்தார். பிற்காலத்தில் ஓவியர்கள் தமக்கென ஒரு கிராமத்தை அமைக்கப் பொருள் தந்ததும் கைவினையே.

கலைப் பள்ளியின் தோற்றம்

1850ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் சென்னையில் ஒரு கலைப் பள்ளியைத் தொடங்கினார். தனியார் முயற்சியாகத் தொடங்கிய இது, சில ஆண்டுகளில் அரசின் பொறுப்பில் வந்து தொழிற்கலைப் பள்ளி ஆனது. இன்று இது சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி என்ற பெயரில் பெரியமேடு பகுதியில் இயங்கி வருகிறது. இந்தியாவின் மிகப் பழைய கலைக் கல்வி நிறுவனங்களுள் இதுவும் ஒன்று.

தொடக்கத்தில் இப்பள்ளியின் நோக்கம் ஓவியர்களை உருவாக்குவது அன்று. மட்பாண்டம், உலோக வேலை, மர வேலை, செதுக்கு வேலை முதலிய தொழில்களில் பயிற்சி அளிப்பதே முதன்மையாக இருந்தது. 1884ஆம் ஆண்டில் இதன் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்ற ஈ. பி. ஹேவெல், உள்ளூர்க் கைவினைகளைப் பேணுவதில் ஈடுபாடு காட்டினார். பின்னர் கல்கத்தா சென்ற இவர், ஐரோப்பிய ஓவிய முறையை அப்படியே பின்பற்றுவதற்கு எதிரான கருத்துக்களால் அறியப்பட்டார்.

இந்தோ-சரசனிக் பாணி

சென்னைக் கலைப் பள்ளியின் தலைமைப் பொறுப்பில் சில காலம் இருந்தவர் ராபர்ட் பெல்லோஸ் சிஷோம் என்னும் கட்டிடக் கலைஞர். மாநிலக் கல்லூரியும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் இல்லமும் இவர் வடிவமைத்தவை. செனட் இல்லம் 1874ஆம் ஆண்டுக்கும் 1879ஆம் ஆண்டுக்கும் இடையில் கட்டப்பட்டது. கூம்பிய வளைவுகள், குவிமாடங்கள், வண்ணக் கண்ணாடிகள், செங்கல் வேலை ஆகியவற்றை ஐரோப்பியத் தள அமைப்புடன் கலந்து உருவான இப்பாணி இந்தோ-சரசனிக் பாணி எனப்படுகிறது. இதற்கு முன்னோடியாகக் கருதப்படுவது 1768ஆம் ஆண்டளவில் கட்டப்பட்ட ஆற்காட்டு நவாபின் சேப்பாக்கம் அரண்மனை ஆகும்.

சிஷோமுக்குப் பின் இப்பாணியில் பணியாற்றியவர்களுள் ஹென்றி இர்வின் குறிப்பிடத்தக்கவர். 1892இல் திறக்கப்பட்ட உயர் நீதிமன்றக் கட்டிடம், 1908இல் திறக்கப்பட்ட எழும்பூர் தொடர்வண்டி நிலையம், 1909இல் திறக்கப்பட்ட விக்டோரியா நினைவு மண்டபம் ஆகியவற்றில் இவரது பங்கு உண்டு.

இக்கட்டிடங்களுக்கு வேண்டிய நுண்வேலைகளைச் செய்தவர்கள் உள்ளூர்க் கொத்தர்களும் தச்சர்களும் ஆவர். அக்காலச் சென்னையின் இரண்டு கட்டுமான முறைகள் இவர்களது திறமையைச் சார்ந்தவை. ஒன்று, சுண்ணாம்புச் சாந்தைப் பல பூச்சுக்களாகப் பூசித் தேய்த்துப் பளிங்கு போல் மின்னச் செய்யும் சென்னைச் சுண்ணாம்புப் பூச்சு. மற்றது மெட்ராஸ் டெரஸ் எனப்படும் கூரை. இதில் மர விட்டங்களின் மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்துடன் குத்துவாட்டில், மூலைவாக்காக அடுக்குவர். அதன் மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்துத் தளமிடுவர். கான்கிரீட் பரவிய பின் இவ்விரு முறைகளும் வழக்கொழிந்தன. இவற்றை அறிந்த கொத்தர்கள் இன்று அரிதாக இருப்பதே பழைய கட்டிடங்களைப் பழுது பார்ப்பதில் உள்ள பெரிய இடர்ப்பாடாகும்.

ராய் சௌத்ரி காலம்

1929ஆம் ஆண்டில் வங்காளத்தைச் சேர்ந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி கலைப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். 1957 வரை இப்பொறுப்பில் இருந்த இவர், ஓவியத்தையும் சிற்பத்தையும் கைத்தொழிலுக்கு இணையான இடத்துக்கு உயர்த்தினார். மெரினா கடற்கரையில் உள்ள உழைப்பாளர் சிலை இவரது புகழ்பெற்ற படைப்பு. 1959ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இச்சிலை, பெரும் பாறையொன்றைப் பெயர்க்க முயலும் நான்கு தொழிலாளர்களைக் காட்டுகிறது. 1923ஆம் ஆண்டில் ம. சிங்காரவேலர் மே நாளைக் கொண்டாடியதும் இக்கடற்கரையிலேயே. மன்னர்களுக்கும் ஆளுநர்களுக்கும் சிலை வைத்த நகரில், பெயரில்லாத உழைப்பாளிகள் பொதுவிடத்தில் நிறுத்தப்பட்டது ஒரு பெரிய மாற்றமாகும்.

பணிக்கரும் சென்னை ஓவிய இயக்கமும்

ராய் சௌத்ரியின் மாணவர் கே. சி. எஸ். பணிக்கர். 1911ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் பிறந்த இவர், 1944ஆம் ஆண்டில் முற்போக்கு ஓவியர் சங்கத்தைச் சென்னையில் நிறுவினார். பம்பாயில் எஃப். என். சூசா, எம். எஃப். உசேன் முதலியோரைக் கொண்ட முற்போக்குக் கலைஞர் குழு தோன்றியது இதற்கு மூன்று ஆண்டுகள் பின்னரே ஆகும்.

1957இல் கலைப் பள்ளியின் முதல்வரான பணிக்கர், 1967 வரை அப்பதவியில் இருந்தார். இக்காலத்தில் உருவான ஓவியர், சிற்பிகளின் போக்கே "சென்னை ஓவிய இயக்கம்" என அழைக்கப்படுகிறது. ஐரோப்பிய நவீன ஓவியத்தைக் கற்றுக்கொண்ட பின், அதையே திரும்பச் செய்வதா அல்லது தம் மண்ணிலிருந்து ஒரு நவீனத்தை உருவாக்குவதா என்பதே இவர்கள் முன் இருந்த வினா. கோட்டின் வலிமை, கோயிற் சிற்பம், நாட்டார் கலை, எழுத்து வடிவங்கள் ஆகியவற்றை இவர்கள் தம் மூலங்களாகக் கொண்டனர். 1963 முதல் பணிக்கர் வரைந்த "சொற்களும் குறியீடுகளும்" வரிசை ஓவியங்களில் எழுத்துக்களும் எண்களும் சாதகக் கட்டங்களை ஒத்த வடிவங்களும் படத்தளத்தை நிரப்புகின்றன. இவ்வெழுத்துக்கள் படிப்பதற்காக எழுதப்பட்டவை அல்ல. வடிவமாகக் காண்பதற்கு உரியவை.

இவ்வியக்கத்தைச் சேர்ந்தவர்களுள் சிலர் வருமாறு:

சு. தனபால்: சிற்பி. 1970களில் கல்லூரியின் முதல்வராக இருந்தார்.
எல். முனுசாமி, அ. பெ. சந்தானராஜ்: ஓவியர்கள். பல தலைமுறை மாணவர்களை உருவாக்கிய ஆசிரியர்கள்.
ஜே. சுல்தான் அலி: நாட்டார், பழங்குடி வடிவங்களைத் தம் ஓவியங்களில் பயன்படுத்தியவர்.
கே. இராமானுஜம்: கனவுலக நகரங்களை நுண்ணிய கோடுகளால் வரைந்தவர். 1973இல் இளம் வயதிலேயே மறைந்தார்.
கே. எம். ஆதிமூலம் (1938 - 2008): காந்தியைப் பற்றிய கோட்டோவிய வரிசையால் புகழ் பெற்றவர்.
எஸ். நந்தகோபால்: உலோகச் சிற்பி. பணிக்கரின் மகன்.

சோழமண்டலம் ஓவியர் கிராமம்

கலைக் கல்லூரியில் பயின்று வெளிவந்தவர்கள் எவ்வாறு பிழைப்பது என்பது அக்காலத்தின் கடுமையான சிக்கலாக இருந்தது. சென்னையில் ஓவியங்களை வாங்குவோர் மிகச் சிலரே. எனவே பலர் ஓவியத்தைக் கைவிட்டு வேறு வேலைகளுக்குச் சென்றனர். பணிக்கரும் மாணவர்களும் இதற்கு ஒரு வழி கண்டனர். பகற்பொழுதில் ஒரு பகுதியை மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்திக் துணிகள், தோற்பொருட்கள், உலோக வேலைகள் முதலியவற்றைச் செய்வதில் செலவிடுவது. அவற்றை விற்று வரும் வருவாயில் வாழ்ந்துகொண்டு, எஞ்சிய நேரத்தில் எவருடைய விருப்பத்துக்கும் கட்டுப்படாமல் ஓவியம் வரைவது என்பதே அவ்வழி.

இவ்வாறு ஈட்டிய பணத்தைக் கொண்டு நகரின் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடற்கரையை அண்டி ஏறத்தாழ 10 ஏக்கர் நிலத்தை வாங்கினர். 1966ஆம் ஆண்டில் அங்கு சோழமண்டலம் ஓவியர் கிராமம் தோன்றியது. சாலை வசதியும் மின்சாரமும் குறைவாக இருந்த மணற்பரப்பில் ஓவியர்கள் தமக்கான எளிய வீடுகளையும் பணிக்கூடங்களையும் அமைத்துக்கொண்டனர். திறந்தவெளி அரங்கு ஒன்றும் இங்கு உண்டு. பணிக்கர் 1977இல் மறைந்த பின்னும் கிராமம் தொடர்ந்தது. 2009ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இங்குள்ள அருங்காட்சியகத்தில் சென்னை ஓவிய இயக்கத்தினரின் படைப்புக்களைக் காணலாம்.

அரசு உதவியோ செல்வந்தர் ஆதரவோ இல்லாமல், ஓவியர்களே தம் உழைப்பால் நிலம் வாங்கி நிலைத்த குடியிருப்பு என்பதே இக்கிராமத்தின் தனிச்சிறப்பு. ஒருகாலத்தில் ஒதுக்குப்புறமாக இருந்த இவ்விடம், கிழக்குக் கடற்கரைச் சாலை விரிவடைந்த பின் நகரின் விலைமதிப்பு மிக்க பகுதிகளுள் ஒன்றாகிவிட்டது.

தென்மாவட்டங்களில் தாக்கம்

சென்னைக் கலைப் பள்ளியின் தாக்கம் நகரத்துடன் நின்றுவிடவில்லை. மயிலாப்பூரில் பிறந்து இப்பள்ளியில் பயின்ற கொண்டைய ராஜு (1898 - 1976) சில காலம் திருவண்ணாமலையில் இரமணரின் ஆசிரமத்தில் இருந்தார். நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை வரைந்த பின், கோவில்பட்டியில் நிலையாகத் தங்கினார். இவரும் இவரது மாணவர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசி அச்சகங்களில் நாள்காட்டிகளாக அச்சாகிப் பரவின. கண்காட்சிக் கூடம் எதுவும் இல்லாத அருப்புக்கோட்டை, திருச்சுழி போன்ற வானம் பார்த்த பூமியின் ஊர்களில், வீட்டுச் சுவரிலும் கடைச் சுவரிலும் தொங்கிய நாள்காட்டியே மக்கள் நாள்தோறும் கண்ட ஓவியம் ஆகும். இரமணர் பிறந்த ஊரும் திருச்சுழியே என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

நவீன ஓவியம் இப்பகுதிக்கு அச்சு வழியாகவே மற்றொரு முறையும் தொடர்பு கொண்டது. கி. ராஜநாராயணன் கரிசல் மண்ணைப் பற்றி எழுதிய "கரிசல் காட்டுக் கடுதாசி" தொடர் ஜூனியர் விகடனில் வெளிவந்தபோது அதற்குப் படம் வரைந்தவர் ஆதிமூலம். சிற்றிதழ்களின் அட்டைகளிலும் நூல் முகப்புக்களிலும் இவரைப் போன்றோர் வரைந்தமையால், கண்காட்சிக்குச் சென்றறியாத வாசகர்களும் நவீன ஓவியத்தை அறிந்துகொண்டனர்.

ஆர்ட் டெக்கோவும் எல்.ஐ.சி. கட்டிடமும்

1930களிலிருந்து கான்கிரீட்டும் ஆர்ட் டெக்கோ பாணியும் சென்னைக்கு வந்தன. வளைந்த மூலைகள், கிடைக்கோட்டு வரிகள், சன்னல்களுக்கு மேல் நீளும் மெல்லிய தகடு போன்ற வெயில் மறைப்புகள் ஆகியன இப்பாணியின் அடையாளங்கள். பாரிமுனையில் உள்ள டேர் இல்லம் இதற்கு எடுத்துக்காட்டு. திரையரங்குகளிலும் தியாகராய நகர், மயிலாப்பூர் பகுதிகளின் வீடுகளிலும் இப்பாணி எளிமையான வடிவில் பரவியது.

அண்ணா சாலையில் உள்ள எல்.ஐ.சி. கட்டிடம் சென்னையின் முதல் வானளாவி எனலாம். எம். சிடி. எம். சிதம்பரம் செட்டியாரின் காப்பீட்டு நிறுவனத்துக்காக 1953இல் இதன் பணி தொடங்கியது. அவர் 1954இல் விமான விபத்தில் இறந்தார். 1956இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையாக்கப்பட்டதால், முடிவடையாத கட்டிடம் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் கைக்கு வந்தது. இலண்டனைச் சேர்ந்த எச். ஜே. பிரவுன், எல். சி. மூலின் ஆகியோர் தொடங்கிய வடிவமைப்புப் பணியைச் சென்னைக் கட்டிடக் கலைஞர் எல். எம். சித்தாலே நிறைவு செய்தார். 177 அடி உயரம் கொண்ட இது 1959இல் திறக்கப்பட்டது. 1975இல் பெரும் தீ விபத்துக்கு உள்ளாகிப் பின்னர் சீரமைக்கப்பட்டது. வெளியூர்களிலிருந்து வருவோர் அண்ணாந்து பார்த்த இக்கட்டிடம், திரைப்படங்களில் பட்டணத்தின் அடையாளமாகவே காட்டப்பட்டு வந்தது.

மரபைத் தழுவிய கட்டிடங்கள்

கான்கிரீட் காலத்திலும் மரபு வடிவங்களைப் பொதுக் கட்டிடங்களில் பயன்படுத்தும் முயற்சிகள் நடைபெற்றன. 1976இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் இவற்றுள் முதன்மையானது. வை. கணபதி ஸ்தபதி வடிவமைத்த இதில், திருவாரூர்த் தேரை மாதிரியாகக் கொண்ட கல் தேர் உள்ளது. திருக்குறளின் 1330 குறட்பாக்களும் இங்கு கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. திருவான்மியூரில் உள்ள கலாசேத்திராவின் அரங்கு, கேரளக் கோயில்களின் கூத்தம்பலத்தை முன்மாதிரியாகக் கொண்டது.

21ஆம் நூற்றாண்டு

2010ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தில் புதிய சட்டமன்றக் கட்டிடம் திறக்கப்பட்டது. இதை வடிவமைத்தது ஒரு செருமானிய நிறுவனம். 2011இல் ஏற்பட்ட ஆட்சி மாற்றத்துக்குப் பின் சட்டமன்றம் புனித ஜார்ஜ் கோட்டைக்கே திரும்பியது. இக்கட்டிடம் 2014 முதல் பல்நோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையாக இயங்கி வருகிறது. 2010இலேயே கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகமும் திறக்கப்பட்டது.

நகரின் உட்பகுதிகளிலிருந்து அகற்றப்பட்ட குடிசைவாழ் மக்கள் குடியமர்த்தப்பட்ட கண்ணகி நகரில், 2020ஆம் ஆண்டில் அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய ஓவியங்கள் வரையப்பட்டன. அங்கு வாழ்பவர்களின் முகங்களும் இவற்றில் இடம்பெற்றன. இப்பகுதியின் மீது படிந்திருந்த அவப்பெயரை இவை ஓரளவு மாற்றின என்பர். தொழிலிடங்களிலிருந்து வெகுதொலைவில் வாழ நேர்ந்த மக்களின் சிக்கல்களை வண்ணத்தால் தீர்க்க இயலாது என்ற கருத்தும் உண்டு.

பாதுகாப்பு

சென்னையின் பழைய கட்டிடங்கள் பல அழிந்துவிட்டன. மூர் மார்க்கெட் 1985இல் தீக்கிரையானது. அண்ணா சாலையில் 1897இல் கட்டப்பட்ட பாரத் காப்பீட்டுக் கட்டிடத்தை இடிக்கும் பணி 2006இல் தொடங்கியபோது, மரபுரிமை ஆர்வலர்கள் நீதிமன்றத்தை நாடினர். சென்னை உயர் நீதிமன்றம் 2010இல் அதை இடிப்பதற்குத் தடை விதித்தது. 2012இல் தமிழ்நாடு மரபுரிமை ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது.

இவ்வழக்குகளிலும் பட்டியல்களிலும் பெரிதும் பேசப்படுபவை ஆங்கிலேயர் காலப் பொதுக் கட்டிடங்களே. 1930களுக்குப் பிந்திய ஆர்ட் டெக்கோ வீடுகள் தனியார் உடைமையாக இருப்பதால், அடுக்குமாடிக் குடியிருப்புக்களுக்காக ஒவ்வொன்றாக இடிக்கப்படுகின்றன. இவற்றோடு, இவற்றைக் கட்டிய தச்சர்கள், கொத்தர்களின் வேலைத் திறனுக்கான சான்றுகளும் மறைகின்றன.