பாதியில் நின்ற பெருக்கி

இங்கிலாந்தில் 1950களின் பிற்பகுதியில் இளைஞர் பலர் வீட்டுச் சமையலறை மேசையின்மீது அலுமினியத் தகட்டை வளைத்து, துளையிட்டு, வானொலி வால்வுகளைப் பொருத்தி, மின்கிட்டாருக்குரிய பெருக்கிகளைத் தாமே செய்துகொண்டனர். அவற்றுட் சில முற்றுப்பெற்று மேடையேறின. வேறு பல, கைப்பணம் தீர்ந்தமையாலோ ஆர்வம் குன்றியமையாலோ பாதியில் நின்றன. பரணிலும் கொட்டகையிலும் கிடந்த அத்தகைய கருவிகளைத் தேடியெடுத்துப் பழுது நீக்கி, விடுபட்ட பகுதியை நிறைவு செய்வோர் இன்றும் உளர். அவர்கள் பற்றுக்கோலைக் கையிலெடுக்குமுன் சிறிது வரலாறு அறிந்திருத்தல் வேண்டும்.

வால்வு என்னும் பெயரிலேயே ஒரு வரலாறு அடங்கியுள்ளது. 1904ஆம் ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிப் பேராசிரியர் ஆம்புரோஸ் பிளெமிங், காற்று நீக்கிய கண்ணாடிக் குமிழுள் இரு மின்வாய்களை அமைத்து, மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் செல்லுமாறு செய்தார். நீர்க்குழாயின் தடுக்கிதழ்போல் அது செயற்பட்டதால் வால்வு எனப் பெயர் பெற்றது. 1906இல் அமெரிக்கரான லீ டி பாரஸ்ட் அவ்விரண்டிற்கும் இடையே கம்பிவலை ஒன்றைப் புகுத்தினார். வலையில் தோன்றும் சிறு மின்னழுத்த மாற்றம் பெரிய மின்னோட்டத்தை ஆட்டிவைத்தது. அதன் பெருக்கும் திறன் நன்கு உணரப்படச் சில ஆண்டுகள் சென்றன. அமெரிக்கர் இதனை ‘டியூப்’ என்பர். நம் வீடுகளில் ‘வால்வு ரேடியோ’ என்றே வழங்கியது ஆங்கிலேயர் ஆட்சி விட்டுச்சென்ற வழக்கு.

பிரிட்டிஷ் இளைஞர் தாமே பெருக்கி செய்யத் தலைப்பட்டதற்கு ஆசை மட்டும் காரணமன்று. போருக்குப்பின் டாலர் தட்டுப்பாட்டில் தவித்த பிரிட்டிஷ் அரசு, 1951 முதல் 1959 வரை அமெரிக்க இசைக்கருவிகளின் இறக்குமதியைத் தடுத்து வைத்திருந்தது. இடையில் 1956இல் லோனி டொனிகனின் பாடல் புகழ்பெற்று, ‘ஸ்கிபிள்’ இசை நாடெங்கும் பரவி, கிட்டார் ஏந்தாத இளைஞரே இல்லை எனும் நிலை வந்தது. கடையில் அமெரிக்கப் பெருக்கி இல்லை. இருந்திருப்பினும் வாங்கப் பணமில்லை. ஆனால் போரில் எஞ்சிய வானொலி உதிரிப் பொருள்கள் மலிந்து கிடந்தன. கட்டாயப் படைப்பணியில் வானொலித் தொழில் பயின்று திரும்பியோரும் ஊர்தோறும் இருந்தனர்.

வரைபடங்களுக்கும் குறைவில்லை. 1947இல் ‘வயர்லெஸ் வோர்ல்ட்’ இதழில் டி. டி. என். வில்லியம்சன் வெளியிட்ட பெருக்கியின் அமைப்பைப் பார்த்து எண்ணற்றோர் தம் கையாலேயே அதனைச் செய்தனர். பின்னர் வால்வு உற்பத்தியாளரான முல்லார்டு நிறுவனத்தார் ‘ஐந்து-பத்து’ என்றொரு பெருக்கியின் வரைபடத்தை வெளியிட்டனர். ஐந்து வால்வு, பத்து வாட் என்பதே அப்பெயரின் பொருள். தம் வால்வு விற்கவேண்டும் என்பதே அவர்தம் நோக்கமாயினும், அவ்வரைபடம் ஒரு தலைமுறைக்கே பாடநூலாயிற்று.

பெரும்புகழ் பெற்ற நிறுவனங்களும் இத்தகைய கொட்டகைகளிலேயே வேர்கொண்டன. டிக் டென்னி வடிவமைத்த பெருக்கியை டார்ட்போர்டு நகர வணிகரான டாம் ஜென்னிங்ஸ் 1958இல் ‘வாக்ஸ்’ என்னும் பெயரில் விற்கலானார். ஷேடோஸ் இசைக்குழுவினர் அதன் புகழைப் பரப்பினர். 1961இல் கிளிப் ரிச்சர்டுடன் அக்குழுவினர் சிங்கப்பூருக்கு வந்து பாடிச் சென்றபின் இங்கும் கிட்டார்க் குழுக்கள் பெருகியதை மூத்தோர் அறிவர். இலண்டனின் ஹேன்வெல் பகுதியில் கடை வைத்திருந்த முரசுக் கலைஞர் ஜிம் மார்ஷல் 1962இல் வேறொரு வழியை நாடினார். அவர் கடையில் பழுது பார்த்த கென் பிரானும், பதினெட்டு வயது நிறைந்த டட்லி கிரேவனும் அமெரிக்கப் பெண்டர் நிறுவனத்தின் ‘பேஸ்மேன்’ பெருக்கியைப் பின்பற்றி மாதிரிகள் செய்தனர். ஆறாவது மாதிரியே தம் காதுக்கு நிறைவளித்ததென மார்ஷல் பின்னாளில் கூறினார். மின்மாற்றிகளும் ஒலிபெருக்கிகளும் இங்கிலாந்துச் சந்தையில் கிடைத்தவையாதலால், வரைபடம் ஒன்றாயினும் ஓசை வேறாயிற்று. கைக்கெட்டிய பொருளே அந்த ஓசையின் ஒரு பாதியைத் தீர்மானித்தது எனலாம்.

இனி, பாதியில் நின்ற பெருக்கிக்கு வருவோம். செய்தவர் குறிப்பேதும் விட்டுச் செல்லவில்லை எனினும், தகட்டிலுள்ள துளைகள் பேசும். ஒன்பது ஊசி வால்வின் தாங்கிக்கு முக்கால் அங்குலத் துளை வேண்டும். எட்டு ஊசிப் பெரிய வால்வுக்கு ஒன்றேகால் அங்குலத்தில் அரைக்கால் அங்குலம் குறைந்த துளை. முக்கால் அங்குலத் துளைகள் ஐந்து இருப்பின், இளைஞர் மனத்தில் ‘ஐந்து-பத்து’ இருந்ததெனக் கருத இடமுண்டு. அதன் ஐந்து வால்வுகளும் ஒன்பது ஊசியினவே. பெரிய துளைகள் இரண்டு காணப்படின், வில்லியம்சன் வழியை எண்ணியிருக்கலாம். முல்லார்டு வால்வின் அடிப்பகுதியில் பொறித்த எழுத்துக்களும் உதவும். முதலில் உள்ள ‘பி’ பிளாக்பர்ன் தொழிற்சாலையைக் குறிக்கும். அடுத்த இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம். அதனையடுத்த எழுத்து மாதம். ஆண்டுக்கு ஓர் இலக்கமே உள்ளதால் எட்டு என்பது 1958ஆகவும் இருக்கலாம், 1968ஆகவும் இருக்கலாம். ஏனைய உறுப்புகளை ஒப்புநோக்கியே தெளிதல் வேண்டும்.

கிடைத்தவுடன் மின்சாரம் பாய்ச்சிப் பார்க்கும் அவசரமே பலருடைய முதற்பிழை. நெடுங்காலம் கிடந்த மின்பகு மின்தேக்கியின் உள்ளே காப்பாயிருந்த மெல்லிய ஆக்சைடுப் படலம் சிதைந்திருக்கும். முழு மின்னழுத்தம் தாக்கின், கிடைத்தற்கரிய மின்மாற்றியும் சேர்ந்து எரியும். மெழுகு பூசிய காகித மின்தேக்கிகள் ஈரத்தை உறிஞ்சி மின்கசிவு உண்டாக்கும். கசிந்த மின்னழுத்தம் வெளியீட்டு வால்வின் வலையை அடைந்து, தகடு செந்நிறமாய்க் காயுமளவு ஓட்டத்தை மிகுவிக்கும். ஆகவே இவற்றை மாற்றியபின், மின்னிழை விளக்கு ஒன்றைத் தொடராக இணைத்தே முதன்முறை மின்சாரம் கொடுப்பர். விளக்கு சுடர்விட்டு எரிந்துகொண்டே இருப்பின் உள்ளே எங்கோ குறுக்கிணைப்பு உள்ளது.

பழைமையைப் போற்றுவோர் சிலர், ஒரு கம்பியையும் மாற்றலாகாது என்பர். கோணலான பற்றவைப்பையும், பென்சிற் குறிகளையும், தவறாகத் துளைத்த துளையையும் விட்டுவைத்தல் தகும். கழற்றிய உறுப்புகளைப் பொதிந்து பெட்டிக்குள்ளேயே வைத்தலும் தகும். ஆயினும் நிலத்தொடர்பில்லாத இருகம்பி வடத்தை மட்டும் வரலாறு என்னும் பெயரால் விட்டுவைத்தல் கூடாது. 1972 மே மாதம் வேல்சு நாட்டின் சுவான்சி நகர மேடையில், முறையான நிலத்தொடர்பற்ற ஒலிவாங்கியைத் தொட்ட கிட்டார்க் கலைஞர் லெஸ் ஹார்வி மின் தாக்கி மாண்டார். 1976 மே மாதம் யார்ட்பேர்ட்ஸ் குழுவின் பாடகராயிருந்த கீத் ரெல்ப், தம் வீட்டிலேயே கிட்டாரால் மின் தாக்குண்டு உயிர்நீத்தார். கிட்டாரின் உலோக நரம்பு பெருக்கியின் உலோகச் சட்டத்தோடு இணைந்தது; சட்டம் மின்னேறினால் விரல் மின்னேறும். பழைய பிரிட்டிஷ் வடங்களில் சிவப்பு மின்கம்பி, பச்சை நிலக்கம்பி. 1970ஐ ஒட்டிப் பழுப்பும், பச்சையொடு மஞ்சளும் வந்தன. பழைய பெட்டியைத் திறப்போர் நிறத்தை நம்பாது அளந்தே அறிதல் நன்று.

விடுபட்ட பகுதி பெரும்பாலும் வெளியீட்டு மின்மாற்றியாகவே இருக்கும். ஏனெனில் அதுவே விலைமிக்கது. இரு வால்வுகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 8000 ஓம் சுமை வேண்டும். அக்கால ஒலிபெருக்கியோ 15 ஓம். சுற்றுகளின் விகிதம் இருமடியாய்ப் பெருகுமாதலால், இருபத்துமூன்றுக்கு ஒன்று என அமைத்தால் 529 மடங்காகிக் கணக்குச் சரியாகும். இதனைப் பொருத்தி, ஒலிபெருக்கியிலிருந்து முன்வால்வுக்குப் பின்னூட்டக் கம்பியை இணைத்து, மின்சாரம் கொடுத்ததும் பெருக்கி ஊளையிடுதல் உண்டு. எல்லாம் வீணாயிற்றென அஞ்சவேண்டியதில்லை. பின்னூட்டம் குறைப்பதற்கு மாறாகக் கூட்டுகிறது, அவ்வளவே. மின்சாரத்தைத் துண்டித்து, மின்தேக்கிகளில் தேங்கியிருக்கும் முந்நூறு வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் வடிந்ததை அளந்து உறுதிசெய்தபின், வெளியீட்டு வால்வுகளின் தகடுகளுக்குச் செல்லும் இரு கம்பிகளையும் இடம் மாற்றிப் பற்றவைக்கின், ஊளை அடங்கும். மீண்டும் மின்சாரம் கொடுத்து, இழைகள் சிவந்து சூடேற அரை நிமிடம் பொறுத்தபின், அறுபது ஆண்டுகளுக்கு முன் யாரோ ஓர் இளைஞர் கேட்க விரும்பிய ஓசை கிட்டாரிலிருந்து எழும்.