குருதியேற்ற மறுப்பு ஆவணம்

குருதியேற்ற மறுப்பு ஆவணம் என்பது, நினைவிழந்த நிலையிலும் தமக்குக் குருதி ஏற்றக்கூடாது என்று யெகோவாவின் சாட்சிகள் எனும் கிறித்தவக் குழுவினர் முன்கூட்டியே கையொப்பமிட்டு, பெரும்பாலும் அட்டையாக உடன் வைத்திருக்கும் மருத்துவ அறிவுறுத்தலாகும். இரத்தம் உண்பதை விலக்கும் விவிலியப் பகுதிகளைச் சான்றாகக் காட்டி, 1945 முதல் குருதியேற்றத்தைத் தவறெனப் போதித்த இக்குழு, அதை ஏற்றபின் மனம் வருந்தாதோரை 1961 முதல் சபைநீக்கம் செய்தது; 2000ஆம் ஆண்டிலிருந்து அத்தகையோர் தாமாகவே சபையை விட்டு விலகியவர்களாகக் கருதப்படுகின்றனர். சிவப்பணு, வெள்ளணு, தட்டணு, குருதி நீர்மம் ஆகிய நான்கும் விலக்கப்பட்டவை. ஆல்புமின் போன்ற பிரிபொருள்களை ஏற்பது அவரவர் மனச்சான்றுக்கு விடப்பட்டுள்ளது.

கையொப்பம் தனிமனிதரின் சமய முடிவே எனக் குழு கூறுகிறது. விலகியவருடன் உறுப்பினர்கள் பழகுவதில்லை என்பதால், உறவுகளை இழக்கும் அச்சம் அம்முடிவை வளைக்கிறது என்பது திறனாய்வாளர் கருத்து. நினைவிழந்த பெண்ணின் அட்டையைப் புறக்கணித்துக் குருதி ஏற்றிய மருத்துவர் இழப்பீடு தரவேண்டும் என்பதைக் கனடாவின் ஒண்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் 1990இல் உறுதிசெய்தது. இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றமோ, பிறர் செல்வாக்கு நோயாளியின் சொந்த விருப்பத்தை மேலாதிக்கம் செய்திருந்தால் அவரது மறுப்பு செல்லாது என 1992இல் தீர்ப்பளித்தது.