விருத்தாசலத்து பீங்கானில் ஒரு பீட்: சாம்ப்ளரா, லேப்டாப்பா?

விருத்தாசலம் பக்கம் பீங்கான் பொருள் வாங்கப் போனால் ஒரு விஷயத்தைக் கவனிங்க. அகல் விளக்கோ, ஊறுகாய் ஜாடியோ, விவரம் தெரிந்தவர் கண்ணால் பார்ப்பதோடு விட மாட்டார். விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டுவார். 'டிங்' என்று நீண்டு ஒலித்தால் சரக்கு நல்லது. 'டொக்' என்று அமுங்கிப்போனால் எங்கோ கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது.

பீட் போடும் ஆசை உள்ளவர்களுக்கு இந்த இரண்டு சத்தமும் சும்மா கிடைக்கிற சொத்து. 'டிங்' ஒரு பெல். 'டொக்' கிட்டத்தட்ட ஒரு ஸ்நேர். ஜாடியின் வாயை உள்ளங்கையால் பொத்தி அடித்தால் வரும் 'தூம்' உங்கள் கிக். நெய்வேலி பக்கத்தில் கிடைக்கும் வெள்ளைக் களிமண்ணை நம்பி செராமிக் தொழிற்பேட்டை, செராமிக் டிப்ளோமாவுக்கென்றே ஓர் அரசுக் கல்வி நிலையம் என்று வளர்ந்த ஊர் அது. பொம்மை, விளக்கு, ஃபியூஸ் கட்டை என எதைத் தட்டினாலும் ஒரு சத்தம் உண்டு. போனில் ரெக்கார்டு பண்ணியாச்சு என்று வைத்துக்கொள்வோம். அடுத்த கேள்விதான் எல்லாரும் கேட்பது: இதை வெச்சு பீட் பண்ண தனியாக ஒரு சாம்ப்ளர் மெஷின் வாங்கணுமா, இருக்கிற லேப்டாப் போதுமா?

சாம்ப்ளர் என்றால் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. ஒரு சத்தத்தைப் பதிவு செய்து, அதை ஒரு ரப்பர் பட்டனில் ஏற்றி, தட்டும்போதெல்லாம் திருப்பி ஒலிக்க வைக்கும் பெட்டி. அந்த ரப்பர் பட்டனைத்தான் பேட் என்கிறோம். லேப்டாப்பில் எஃப்எல் ஸ்டூடியோ, ஏபிள்டன் லைவ், ரீப்பர் போன்ற சாஃப்ட்வேர்கள் இதே வேலையைத் திரையில் செய்கின்றன. சத்தத்தின் தரத்தில் இன்று இரண்டுக்கும் சண்டையே இல்லை. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது.

நம்ம ஊரில் இந்தப் பெட்டி புதுசும் இல்லை. கோயில் திருவிழாவிலோ கல்யாணத்திலோ லைட் மியூசிக் பார்த்திருப்பீங்க. மேடையின் ஓரத்தில் ஒருவர், ஸ்டாண்டில் சாய்த்து வைத்த கறுப்புப் பெட்டியை இரண்டு குச்சியால் அடித்துக்கொண்டிருப்பார். தபேலா, டோலக், பறை, கைதட்டல் எல்லாம் அதிலிருந்தே வரும். 'ஆக்டோபேட்' என்று பொதுவாகச் சொல்வார்கள். அது ரோலண்ட் நிறுவனம் 1985-ல் கொண்டுவந்த ஒரு மாடலின் பெயர். வேடிக்கை என்னவென்றால், அந்த முதல் ஆக்டோபேடுக்குள் சத்தமே கிடையாது. வேறொரு கருவிக்கு 'இப்போ ஒலி' என்று சிக்னல் மட்டும் அனுப்பும். 1998-ல் வந்த எஸ்பிடி-20-ல் 700 சத்தங்கள் உள்ளேயே இருந்தன, தபேலாவும் உண்டு. ஆனால், அவை கம்பெனி கொடுத்த சத்தங்கள். நாமே பதிவு செய்து ஏற்றிக்கொள்ளும் எஸ்பிடி-எஸ்எக்ஸ் போன்ற மாடல்கள் பின்னால் வந்தன. உங்கள் பீங்கான் சத்தத்தை ஏற்ற வேண்டுமென்றால் இந்த ரகம்தான் தேவை. செகண்ட் ஹேண்டில் வாங்கப் போகிறவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீங்க. வெளியிலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரியே இருக்கும்.

கம்ப்யூட்டர் பக்கமும் நமக்குப் பழைய கதை உண்டு. 1986-ல் வந்த 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா மிடி சீக்வென்சரைப் பயன்படுத்தியது இன்றுவரை பேசப்படுகிறது. ஸ்வரத்தையும் தாளத்தையும் மெஷினுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு அதையே வாசிக்க வைக்கும் முறை அது. நீங்கள் இன்று லேப்டாப்பில் கட்டம் கட்டமாக கிக் வைப்பதும் அதே வேலைதான்.

பச்சை மண்ணும் சுட்ட மண்ணும்

1987-ல் அமெரிக்காவில் ஈ-மு எஸ்பி-1200 என்றொரு சாம்ப்ளர் வந்தது. அதன் மொத்த நினைவகம் 10 விநாடி. 10 நிமிடம் இல்லை, விநாடி! அதற்குள் முழு டிரம் செட்டையும் அடக்க வேண்டும். ஹிப்ஹாப் பசங்க என்ன செய்தார்கள் தெரியுமா? 33 வேகத்தில் ஓட வேண்டிய இசைத்தட்டை 45-ல் வேகமாக ஓடவிட்டுப் பதிவு செய்தார்கள். நேரம் மிச்சம். பிறகு மெஷினுக்குள் அதன் சுருதியை இறக்கினார்கள். இறக்கும்போது சத்தம் கொஞ்சம் மணல் கலந்த மாதிரி கரகரத்தது. அந்தக் கரகரப்பைத்தான் இன்றைக்கு லேப்டாப்காரர்கள் காசு கொடுத்து ப்ளக்-இன் ஆக வாங்குகிறார்கள்.

அடுத்த வருடம், 1988-ல், ரோஜர் லின் வடிவமைத்து ஜப்பானின் அகாய் நிறுவனம் வெளியிட்டது எம்பிசி-60. நாலுக்கு நாலு, 16 பேட். இன்று போன் ஆப்பில்கூட நீங்கள் பார்க்கும் அந்த 16 கட்டம் அங்கிருந்து வந்தது. அதில் 'ஸ்விங்' என்று ஒரு வசதி உண்டு. இரட்டை இரட்டையாக வரும் அடிகளில் இரண்டாவதைக் கொஞ்சம் தாமதமாக்கும். 50 சதவிகிதத்தில் நேர் நடை. 66-ஐ ஒட்டி வந்தால் நம்ம திஸ்ர நடையின் சாயல். ஜே டில்லா என்ற டெட்ராய்ட் தயாரிப்பாளர் இதே வரிசையில் வந்த எம்பிசி-3000-ஐ வெச்சு, மெஷின் தாளத்தைத் திருத்தும் வசதியை அணைத்துவிட்டு, கையால் அடித்த தள்ளாட்டத்தை அப்படியே விட்டார். அவருடைய மெஷின் இப்போது வாஷிங்டனில், ஸ்மித்சோனியன் அமைப்பின் ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதில் நமக்கு என்ன? ஹார்டுவேர் சாம்ப்ளர் உங்களை முடிவெடுக்க வைக்கும். பேட் 16 என்றால் 16 சத்தம்தான் எதிரில் இருக்கும். எஃபெக்ட்டோடு மறுபதிவு செய்துவிட்டால், அந்தச் சத்தம் சூளைக்குள் போய் வந்த மண். திரும்பக் குழைக்க முடியாது. லேப்டாப்பில் எல்லாமே பச்சை மண். எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், 200 ட்ராக் சேர்க்கலாம், அழித்ததைத் திரும்ப எடுக்கலாம். சுகம்தான். ஆனால், ஒரு ஸ்நேர் சத்தத்துக்காக ராத்திரி 11 மணிக்கு உட்கார்ந்து 400 ஸ்நேரைக் கேட்டுவிட்டு, 2 மணிக்கு ஒரு பாரும் போடாமல் படுக்கப்போன அனுபவம் எனக்கு நிறைய உண்டு. உங்களுக்கும் இருந்தால், உங்கள் பிரச்னை லேப்டாப் இல்லை, அளவில்லாத சாய்ஸ்.

அதற்கு ஐம்பதாயிரம் ரூபாய் கொடுத்து மெஷின் வாங்கணும்னு அவசியமில்லை. லேப்டாப்பிலேயே விதி வெச்சுக்கோங்க: எட்டே சத்தம், நாலு ட்ராக், ஒரு மணி நேரம். எஸ்பி-404 மார்க்-2, எம்பிசி ஒன் போன்ற இன்றைய சாம்ப்ளர்கள் இங்கே ஒரு நல்ல லேப்டாப்பின் விலையை நெருங்குகின்றன. படிக்கவும் வேலைக்கும் எப்படியும் லேப்டாப் வேண்டும் என்கிற வீட்டில், சாம்ப்ளரை முதலில் வாங்கச் சொல்ல எனக்கு மனசு வராது. பாக்கெட் ஆபரேட்டர் பிஓ-33 என்று கால்குலேட்டர் சைஸில் ஒன்று இருக்கிறது. இரண்டு ஏஏஏ பேட்டரியில் ஓடும், மைக் அதிலேயே உண்டு, 40 விநாடி பதிவாகும். கைக்குக் கிடைத்தால் விளையாடிப் பாருங்க. போனில் கோவாலா சாம்ப்ளர் என்ற ஆப் விலை குறைவு. பேண்ட்லேப் இலவசம்.

கை அடித்ததும் காது கேட்கணும்

புதுசா ஆரம்பிக்கிறவர்கள் 'எனக்கு தாளமே வரல' என்று நொந்துபோவதற்குப் பாதிக் காரணம் புளூடூத் இயர்போன். நிஜமா. நீங்கள் தட்டிய நொடிக்கும் காதில் சத்தம் விழும் நொடிக்கும் இடையிலான தாமதத்தை லேட்டன்சி என்பார்கள். புளூடூத்தில் இது சுலபமாக 100 மில்லி விநாடியைத் தாண்டிவிடும். 120 வேகத்தில் ஓடும் பாட்டில் ஒரு பீட்டின் கால் பங்கே 125 மில்லி விநாடிதான். அப்போ நீங்கள் சரியாக அடித்தாலும், கேட்பது அடுத்த கட்டத்தில். வயர் இயர்போனுக்கு மாறுங்க.

லேப்டாப்பில் 'பஃபர் சைஸ்' என்று ஒரு செட்டிங் இருக்கும். 44.1 கிலோஹெர்ட்ஸில் 512 வைத்தால் அந்த ஒரு படியில் மட்டும் 11 மில்லி விநாடிக்கு மேல் போகிறது; 128 வைத்தால் 3-க்குள் அடங்கும். அது ஸ்பீக்கரை ஒரு மீட்டர் தள்ளி வைத்த அளவுதான், கைக்குத் தெரியாது. ரொம்பக் குறைத்தால் பழைய லேப்டாப் 'கிர்ர்' என்று இழுக்கும். அதனால் வாசிக்கும்போது 128, மிக்ஸ் பண்ணும்போது 1024. விண்டோஸ் என்றால் ஏசியோ டிரைவர் கட்டாயம். சாம்ப்ளர் பெட்டியில் இந்தத் தலைவலி எதுவும் கிடையாது. ஆன் பண்ணு, அடி, கேட்கும்.

மேடை என்று வந்துவிட்டால் நான் பெட்டியின் பக்கம்தான். ஜெனரேட்டர் கரன்ட், தூசி, பட்டாசு, அவசரத்தில் வயரைத் தட்டிவிடும் சின்னப் பசங்க... இதற்கு நடுவில் ஓர் ஊர்த் திருவிழா மேடையில் நண்பரின் லேப்டாப், பாட்டின் சரணத்தில் அப்டேட் போட ஆரம்பித்தது. பாடகர் சிரித்துச் சமாளித்தார். பக்கத்தில் பேட் வாசித்த அண்ணன்தான் மீதிப் பாட்டைத் தூக்கிப்போனார். லேப்டாப்போடுதான் மேடை ஏறணும் என்றால் இன்டர்நெட்டை அணைங்க, அதே ட்ராக்கை போனிலும் ஒரு காப்பி வெச்சுக்கோங்க.

இன்னொரு விஷயம் பெரும்பாலான வெளிநாட்டு வீடியோக்களில் வராது. சாம்ப்ளரோ சாஃப்ட்வேரோ, திறந்ததும் நாலுக்கு நாலு கட்டத்தில்தான் நிற்கும். நம்ம குத்துப் பாட்டில் பெரும்பகுதி ஆறுக்கு எட்டு. அந்தக் கட்டத்தை மாற்றாமல் குத்து அடித்தால், மெஷின் உங்கள் அடியைப் பிடித்து இழுத்துத் தன் கட்டத்தில் உட்கார வைக்கும். கேட்டால் கால் தடுக்கி ஓடுகிற மாதிரி இருக்கும். எம்பிசியில் டைமிங் கரெக்டில் ட்ரிப்லெட் என்பதைத் தேர்ந்தெடுங்க. லேப்டாப்பில் டைம் சிக்னேச்சரை 6/8 ஆக்குங்க. 'நம்ம ஃபீல் வரல' என்று புலம்பும் பல பேருக்கு இது ஒன்றே போதும்.

ஜாடியைத் தட்டுவது எப்படி?

ஃபேனை அணைத்துவிடுங்க. போனை ஒரு ஜாண் தூரத்தில் வைங்க. முடிந்தால் எம்பி3-யில் சுருக்காமல் வேவ் ஃபைலாகப் பதியுங்க. ஸ்டீரியோவில் நிமிடத்துக்கு 10 எம்பி ஆகும், பரவாயில்லை. கிண்ணத்தைக் கையில் பிடித்துத் தட்டாதீங்க, விரல் சத்தத்தை விழுங்கிவிடும். மடித்த துண்டின் மேல் வைத்து, பென்சில், கரண்டி, விரல் நகம் என்று மாற்றி மாற்றித் தட்டுங்க. ஒரே கிண்ணத்தை மெதுவாக, நடுத்தரமாக, பலமாக என மூன்று விதமாக எடுங்க. ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் போட்டால் பீட் பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடும்.

கிண்ணத்தில் தண்ணீர் ஊற்ற ஊற்ற சுருதி இறங்கும். ஜலதரங்கம் இதை வைத்துத்தான் நடக்கிறது. சீதா துரைசாமி, ஆனையம்பட்டி கணேசன் போன்றவர்கள் பீங்கான் கிண்ணங்களை வைத்து முழுக் கச்சேரியே செய்தவர்கள். அவர்களின் வீடியோவைத் தேடிப் பாருங்க. உங்களுக்கு எட்டு கிண்ணம் இருந்தால் ஒரு மெலடி வரிசையே தயார். ஒரே கிண்ணம்தான் என்றால் சாம்ப்ளரில் சுருதியை இறக்கலாம். பழைய பாணி சாம்ப்ளரில் ஒரு ஸ்தாயி இறக்கினால் சத்தத்தின் நீளமும் இரட்டிப்பாகும். டீ கப் கோயில் மணி மாதிரி ஆகிவிடும். நீளம் மாறாமல் சுருதி மட்டும் மாறணும் என்றால் லேப்டாப்பில் அது ரெண்டு க்ளிக்.

பதிவு செய்த ஃபைலின் முன்னால் இருக்கும் வெற்று இடத்தை ஒட்ட வெட்டுங்க. 20 மில்லி விநாடி மிச்சம் இருந்தால்கூட எல்லா அடியும் லேட்டாகும்.

பீங்கானோடு நிற்காமல் தவில், பறை, உடுக்கை என்று போவீங்க. போகணும். ஆனால், அங்கே ஒரு கணக்கு இருக்கிறது. ஆர்கெஸ்ட்ரா மேடையில் முன்பு தபேலா ஒருவர், டோலக் ஒருவர், டிரம்ஸ் ஒருவர் என்று நின்ற இடத்தில் இன்று பல குழுக்களில் ஒரே பேட். மூன்று சம்பளம் ஒன்றானது. அந்தப் பெட்டிக்குள் ஒலிப்பதும் யாரோ ஒரு கலைஞரின் கைதான். அதனால் தவில் வாசிப்பவரைக் கூப்பிட்டு 20 அடி ரெக்கார்டு பண்ணப் போகிறீர்கள் என்றால், எதற்கு என்று சொல்லி, ஒரு கச்சேரிக்கு உண்டான மரியாதையோடு பணம் பேசுங்க. பாட்டு வெளியாகும்போது பெயரும் போடுங்க. சினிமாப் பாட்டிலிருந்து வெட்டி எடுப்பது இன்னும் சிக்கல். இசைப்பதிவுக்கு இந்தியாவில் 60 வருடக் காப்புரிமை. 'ஏழு செகண்டுக்குள்ள எடுத்தா ஒண்ணும் பண்ண முடியாது' என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க, சட்டத்தில் அப்படி ஓர் அளவு கிடையாது.

ஆக, என் சாய்ஸ்? போனில் பதிவு, போனிலேயே 16 பேடில் விளையாட்டு. பீட் பிடித்துப்போனால் லேப்டாப்புக்கு மாற்றி மிக்ஸ். மேடைக் காசு வர ஆரம்பித்த பிறகு பெட்டி.

விருத்தாசலம் போனால் நல்ல கிண்ணம் ரெண்டு வாங்கும்போதே, விரிசல் விட்டதென்று ஓரமாக ஒதுக்கியதிலும் ஒன்று கேட்டு வாங்கிக்கோங்க. ஸ்நேருக்கு வேண்டிய 'டொக்' அதில்தான் இருக்கிறது.