தோலகட்டி முந்திரிகை இரசம்

யாழ்ப்பாணத்தில் மதுவென்றாற் பனங்கள்ளே நினைவுக்கு வரும். வலிகாமத்துச் செம்மண்ணிலே கிணற்று நீருண்டு பந்தலேறிய முந்திரிகைக்கும் ஒரு மது உண்டென்பதை அறிந்தோர் சிலரே. அது தவமடத்திலே பிறந்தது என்பதே விந்தை.

1928ஆம் ஆண்டிலே தோமஸ் அடிகளார் தோலகட்டியில் செபமாலைத் தாசர் சபையை நிறுவினார். மௌனமும் செபமும் உடலுழைப்புமே அத்துறவிகளின் நெறி. அவ்வுழைப்பின் பயனாகிய முந்திரிகை இரசமும் நெல்லி இரசமும் குடாநாடெங்கும் பெயர் பெற்றன.

1990இல் போர் மூண்டபோது வலிகாமம் வடக்கு மக்கள் ஊரைவிட்டு வெளியேறினர். உயர் பாதுகாப்பு வலயத்துள்ளே தோலகட்டியும் அகப்பட்டது. பந்தலைப் பெயர்த்துச் செல்லல் இயலுமோ? கைப்பக்குவம் மட்டும் மாண்டுபோகவில்லை. போர் ஓய்ந்தபின் வந்த பயணிகள், யாழ் நகரிற் கொழும்புத்துறை வீதியிலுள்ள செபமாலை மடத்தை விசாரித்துச் சென்று, 'ரொசெற்றோ' என்னும் இனிய மதுவை வாங்கினர். கறுவாவும் கராம்பும் மணப்பது அது. பூசைக்கோ அது ஆகாது. கலப்பற்ற முந்திரிகை இரசமே பீடத்துக்கு உரியதென்பது திருச்சபையின் விதி.