முகமூடி வேதாளர்: அச்சிலிருந்து அனிமேஷனுக்குச் சென்ற கானக வீரர்

மைசூரு: தமிழ் வாசகர்கள் ‘முகமூடி வேதாளர்’ என்றும் ‘மாயாவி’ என்றும் அறிந்த ஃபேன்டம், உலகின் மிகப் பழைய காமிக்ஸ் நாயகர்களுள் ஒருவர். இந்தியாவில் பல மொழிகளில் அச்சில் கோலோச்சிய இவர், அனிமேஷன் திரையில் தோன்றியது சில முறை மட்டுமே. அந்தத் தோற்றங்கள் ஒவ்வொன்றும் அவரை வெவ்வேறு மனிதராகவே காட்டின.

தோற்றம்

அமெரிக்க எழுத்தாளர் லீ ஃபால்க் உருவாக்கிய இப்பாத்திரம், 1936 பிப்ரவரி 17 அன்று நாளிதழ் படத்தொடராக அறிமுகமானது. ஓவியர் ரே மூர். 1938-இல் சூப்பர்மேன் வெளிவருவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, உடலை ஒட்டிய ஆடையும் கருவிழி தெரியாத முகமூடியும் இவரது அடையாளங்களாகிவிட்டன.

கதைப்படி, 1536-இல் கடற்கொள்ளையரிடமிருந்து உயிர் தப்பிக் கரை ஒதுங்கிய ஒருவர், தீமையை எதிர்ப்பதாகச் சூளுரைக்கிறார். அவருடைய வழித்தோன்றல்கள் தலைமுறை தலைமுறையாக அதே முகமூடியை அணிகின்றனர். படத்தொடரின் நாயகர் 21-ஆவது வேதாளர். அவருக்கு அமானுஷ்ய ஆற்றல் எதுவும் இல்லை. ‘சாகாதவர்’ என்று மக்கள் கொண்ட நம்பிக்கையே அவரது பலம்.

இந்தியாவில்

டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் 1964 மார்ச்சில் தொடங்கிய ‘இந்திரஜால் காமிக்ஸ்’, வேதாளரை ஆங்கிலத்துடன் தமிழ், கன்னடம் உள்ளிட்ட மொழிகளிலும் கொண்டுசென்றது. மூலத்தில் ‘பெங்காலி’ என்றிருந்த நாட்டின் பெயர் இந்தியப் பதிப்பில் ‘டெங்காலி’ ஆனது. ‘சிங்’ கொள்ளையர் ‘சிங்கா’ கொள்ளையர் ஆயினர். இந்திய வாசகர் மனம் புண்படாதிருக்கச் செய்யப்பட்ட மாற்றங்களாகவே இவை கருதப்படுகின்றன.

பின்னர் ராணி காமிக்ஸ் இவரை ‘மாயாவி’ என்ற பெயரில் வெளியிட்டது. 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழில் வந்த ‘இரும்புக்கை மாயாவி’ பிரிட்டிஷ் காமிக்ஸைச் சேர்ந்த வேறொரு பாத்திரம். பெயர் ஒற்றுமையால் இருவரையும் ஒருவரெனக் கொள்வோர் இன்றும் உண்டு.

அனிமேஷனில்

1972: அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் அக்டோபர் மாதம் ஒளிபரப்பான, பாப்பாய் நாயகனாக நடித்த அனிமேஷன் படம் ஒன்றில், ஃப்ளாஷ் கார்டன், மாண்ட்ரேக் ஆகியோருடன் வேதாளரும் சிறு வேடத்தில் தோன்றினார். அனைவரும் கிங் ஃபீச்சர்ஸ் நிறுவனத்தின் பாத்திரங்கள்.

1986: ‘டிஃபெண்டர்ஸ் ஆஃப் தி எர்த்’ தொடர் 65 பகுதிகளாக வெளிவந்தது. 2015-ஆம் ஆண்டில் நிகழ்வதாக அமைந்த இக்கதையில், பூமியைக் கைப்பற்ற வரும் மிங் என்ற கொடுங்கோலனை ஃப்ளாஷ் கார்டன், மாண்ட்ரேக், லோதர் ஆகியோருடன் சேர்ந்து வேதாளர் எதிர்க்கிறார். அவருக்கு ஜெடா என்ற மகளும் உண்டு. கானக விதியை அழைத்துப் பத்துப் புலிகளின் வலிமையை உடலில் வரவழைத்துக்கொள்ளும் ஆற்றல் இத்தொடரில் அவருக்கு அளிக்கப்பட்டது. சாதாரண மனிதர் என்பதே தனிச்சிறப்பாக இருந்த நாயகர், இங்கு மற்ற சூப்பர் ஹீரோக்களுள் ஒருவரானார்.

1994–1996: ‘ஃபேன்டம் 2040’ 35 பகுதிகள் கொண்டது. பாத்திரங்களை வடிவமைத்தவர், ‘ஈயான் ஃப்ளக்ஸ்’ தொடரை உருவாக்கிய பீட்டர் சங். வளங்களுக்கான போர்களால் சூழலியல் சிதைந்த எதிர்காலத்தில், மெட்ரோபியா என்னும் மாநகரில் வாழும் கல்லூரி மாணவர் கிட் வாக்கர் 24-ஆவது வேதாளராகப் பொறுப்பேற்கிறார். மாக்சிமம் என்ற பெருநிறுவனத்தின் தலைவி ரெபெக்கா மேடிசன் அவரது முதன்மை எதிரி. இப்பாத்திரத்துக்குக் குரல் கொடுத்தவர், சூப்பர்மேன் படங்களில் லோயிஸ் லேனாக நடித்த மார்கோட் கிடர். நகருக்கு அடியில் மறைந்து வளரும் காட்டைக் காப்பதே புதிய வேதாளரின் கடமை. இத்தொடரை ஒட்டி மார்வெல் 1995-இல் வெளியிட்ட நான்கு இதழ்களுக்கு, ஸ்பைடர்மேனை இணைந்து உருவாக்கிய ஸ்டீவ் டிட்கோ ஓவியம் வரைந்தார்.

தொடர் முடிந்த 1996-இல் பில்லி ஜேன் நடித்த ‘தி ஃபேன்டம்’ திரைப்படம் வெளியாகி, வசூலில் தோல்வியடைந்தது.

மாறிய காடு

வேதாளரின் காடு எங்குள்ளது என்பதற்குப் படத்தொடரே ஒரே விடை தந்ததில்லை. தொடக்கத்தில் இந்தியாவையும் தென்கிழக்கு ஆசியாவையும் ஒட்டியிருந்த அந்நாடு, பின்னாளில் ‘பெங்கல்லா’ என்ற பெயரில் ஆப்பிரிக்காவுக்கு இடம்பெயர்ந்தது. ஆயினும் புலிகள் கதையை விட்டு நீங்கவில்லை. ஆப்பிரிக்கக் காடுகளில் புலி இல்லை. மைசூருவை அடுத்த பந்திப்பூரிலும் நாகரஹொளேயிலும் இருப்பவை அவையே. இந்திய வாசகருக்கு இந்தக் காடு அந்நியமாகத் தோன்றாததற்கு இதுவும் ஒரு காரணம்.

பழங்குடிகளைக் காக்க வெள்ளையர் ஒருவர் தேவை என்ற காலனியப் பார்வை இக்கதையில் உள்ளதென்ற விமர்சனம் நியாயமானது. ‘ஃபேன்டம் 2040’ அதற்கு ஓரளவு மாற்றாக அமைந்தது. அதில் வேதாளர் காப்பது தம்மை அண்டி வாழும் மக்களை அல்ல. எல்லோரும் அண்டி வாழ வேண்டிய காட்டை.

ஆஸ்திரேலியாவில் 1948 முதலும் சுவீடனில் 1950 முதலும் வேதாளருக்கெனத் தனி இதழ்கள் வெளிவருகின்றன. இந்தியாவில் 800-க்கும் மேற்பட்ட இதழ்கள் கண்ட இந்திரஜால் காமிக்ஸ் 1990-இல் நின்றது. ராணி காமிக்ஸ் 2005-இல் நின்றது. மேற்கூறிய அனிமேஷன் ஆக்கங்கள் யாவும் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக உருவானவை. எனவே, ‘டெங்காலி’ நாட்டு வேதாளர் இங்கு இன்றும் பெரும்பாலும் பழைய இதழ்களின் பக்கங்களிலேயே வாழ்கிறார்.