குயினரும் எஃகுத் துளைத்தொழிலும்

மதுரைக்காஞ்சி, மதுரைக் கைவினைஞரை அடுக்குமிடத்து, மணிகளில் துளையிடுவாரைக் குயினர் எனச் சுட்டும். கொடுமணல் அகழாய்வில் கிடைத்த முற்றுப்பெறாத மணிகள் மணித்தொழிலுக்குச் சான்றாவன. துளைக்கும் கருவி துளைபடு பொருளினும் வலிதாதல் வேண்டும் என்பது துளைத்தொழிலின் அடிப்படை.

தோய்ச்சலால் வன்மையேறிய எஃகிற்கும் இவ்விதி ஒக்கும். அதன்கண் சாதாரண எஃகுத் துரப்பணம் முனை மழுங்கும். ஆதலின் இல்லப் பட்டறையினர் எஃகைச் சிவக்கக் காய்ச்சி, மெல்ல ஆறவிட்டுத் துளைத்து, மீண்டும் தோய்ப்பர். அன்றேல் டங்ஸ்டன் கார்பைடு முனையைக் கொள்வர்.

நாகப்பட்டினத்து இருப்புப்பாதைப் பணிமனை 1928-இல் பொன்மலைக்குப் பெயர்ந்தமையால், திருச்சிராப்பள்ளியிலும் அணித்தான திருவரங்கத்தும் இத்தொழிலறிவு வேரூன்ற வாய்ப்பேற்பட்டது. குயினர் என்னும் சொல் வழக்கொழிந்தது. துரப்பணம், தோய்ச்சல் என்பனவும் அந்நிலை எய்துமுன் பட்டறைச் சொற்களைத் தொகுத்தல் தமிழாய்வாளர் கடன் என்பது எம் துணிபு.